நீலமாகிப்போன குளோரோஃபார்ம்: ‘சல்பேட் இல்லை’ என்று சொல்ல எது சான்று?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷாம்பு தயாரிக்கும் சிறு முதலாளி ஒருவர், புதிதாகப் போட்ட சரக்கிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் ‘சல்பேட் ஃப்ரீ’ என்று அச்சடிக்க வேண்டும், அதற்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும். கூடத்தில் ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, மெத்திலீன் நீலச் சாயம் சேர்த்து, குளோரோஃபார்ம் ஊற்றிப் பிரிபுனலில் குலுக்குகிறார்கள். குளோரோஃபார்ம் கனமானது, அடியில் தங்கும். சாயம் தண்ணீரோடு மேலேயே நின்றால் நல்ல சேதி. ஆனால் அடியடுக்கு பளிச்சென்று நீலமாகிறது. அவருக்கு முகம் வாடிவிடுகிறது. எஸ்.எல்.எஸ். மூட்டையோ எஸ்.எல்.இ.எஸ். டிரம்மோ, அதாவது ஷாம்புவில் நுரை தரும் சல்பேட் எதையும், இந்தச் சரக்குக்காக அவர் வாங்கியதே இல்லை.

அவர் சொல்வது உண்மை. சோதனையும் முறைப்படிதான் நடந்தது. ஆனால் அந்தச் சோதனைக்குச் சல்பேட்டைத் தனியாக அடையாளம் காணத் தெரியாது. எதிர்மின் சுமையோடு நுரைக்கும் எந்தப் பொருள் இருந்தாலும் அது நீலச் சாயத்தைத் தன்னோடு சேர்த்துக் குளோரோஃபார்முக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏரித் தண்ணீரிலும் சாக்கடையிலும் சலவைத்தூள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க ஏற்பட்ட சோதனை அது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, இதே முறையில் அளக்கும் எதிர்மின் டிடர்ஜென்டுக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஏரிக்குப் பொருந்தும் கேள்வியை ஷாம்புவிடம் கேட்டால் கிடைக்கும் விடையால் லேபிளுக்குப் பயனில்லை.

‘சல்பேட் இல்லை’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு வேதியியல், எவ்வளவு தொழிற்கூட ஒழுங்கு, எவ்வளவு சட்டம் நிற்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, திருமழிசை, காக்களூர் சிட்கோ பேட்டைகள் என்று சிறுதொழில் அடர்ந்த பகுதி இது. சொந்தப் பெயரில் சரக்கு போடுகிறவர்களுக்கும், வேறொருவர் பிராண்டுக்காக ‘லோன் லைசென்ஸில்’ போடுகிறவர்களுக்கும் இந்தக் கேள்வி இன்று நேராக வந்து நிற்கிறது.

ஒரே வாயு, இரண்டு பிள்ளைகள்

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஷாம்புவில் நாம் பேசும் சல்பேட், ஒரு கொழுப்பு ஆல்கஹாலின் வால் நுனியில் கந்தகத் தொகுதி ஒட்டிய மூலக்கூறு. வால் எண்ணெயைப் பிடிக்கும், தலை தண்ணீரைப் பிடிக்கும், அதனால்தான் அழுக்கு கிளம்புகிறது. சோடியம் லாரில் சல்பேட் எஸ்.எல்.எஸ். அந்த வாலுக்கும் தலைக்கும் நடுவே எத்திலீன் ஆக்சைடு கண்ணிகள் சேர்த்தால் சோடியம் லாரெத் சல்பேட், அதாவது எஸ்.எல்.இ.எஸ். இரண்டிலும் கார்பனுக்கும் கந்தகத்துக்கும் இடையில் ஓர் ஆக்சிஜன் பாலமாக நிற்கிறது. சல்போனேட்டில் அந்தப் பாலம் கிடையாது. கந்தகம் நேரடியாகக் கார்பனோடு ஒட்டியிருக்கும். கேட்க நுட்பமான வேறுபாடாகத் தோன்றினாலும், பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் இந்த ஓர் ஆக்சிஜனைச் சுற்றியே நடக்கின்றன.

நம் வட்டாரத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அம்பத்தூர் வானகரம் சாலையில் ஆலை வைத்திருக்கும் அல்ட்ராமரைன் அண்ட் பிக்மெண்ட்ஸ், 1960-ல் தொடங்கிய நிறுவனம். அம்பத்தூரில் நீல நிறமி. அதே நிறுவனத்தின் ராணிப்பேட்டை ஆலையில் சர்ஃபாக்டன்ட் என்ற நுரைப்பொருள்கள். இத்தகைய ஆலைகளில் கந்தகத்தை எரித்துக் கிடைக்கும் சல்ஃபர் டிரையாக்சைடு வாயுதான் மூலதனம். அந்த வாயுவைக் கொழுப்பு ஆல்கஹாலோடு சேர்த்தால் சல்பேட். ஒலிஃபினோடு சேர்த்தால் ஆல்பா ஒலிஃபின் சல்போனேட். மணலியில் தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ் தயாரிக்கும் லீனியர் ஆல்கைல் பென்சீனோடு சேர்த்தால் சலவைத்தூளில் போகும் சல்போனேட். ஒரே வாயுவிலிருந்து பிறந்தவை என்பதால் இவற்றுக்குக் குடும்பச் சாயல் உண்டு. ‘சல்பேட் ஃப்ரீ’ என்று விற்கும் ஷாம்புகள் பலவற்றில் நுரைக்கு நிற்பது இந்த ஒலிஃபின் சல்போனேட்தான். அது சல்பேட் அல்ல என்பது வேதியியல்படி சரி. அதனாலேயே தோலுக்கு மென்மையானது என்று முடிவு கட்டுவது சரியல்ல. அளவும், கூடச் சேர்த்த பொருள்களும், கார அமிலத்தன்மையும் சேர்ந்துதான் மென்மையைத் தீர்மானிக்கும்.

சொல்லால் வரும் குழப்பம் வேறு வகையிலும் உண்டு. கண்டிஷனர்களில் வரும் பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்பேட்டின் பெயரில் சல்பேட் இருக்கிறது. ஆனால் அது நேர்மின் சுமையுள்ள, முடியை மிருதுவாக்கும் பொருள், நுரைக்கும் சல்பேட் இல்லை. குளியல் உப்பில் வரும் மெக்னீசியம் சல்பேட் வெறும் உப்பு. மறுபக்கம், டர்க்கி ரெட் ஆயில் என்ற பெயரில் சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழக்கமான விளக்கெண்ணெய்ச் சரக்கின் பெயரில் சல்பேட்டே இல்லை. அதுவோ கந்தக அமிலம் சேர்த்துச் செய்த அசல் சல்பேட் நுரைப்பொருள். பெயரைப் படித்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு இவை போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ‘எஸ்.எல்.எஸ். இல்லை’ என்று முன்பக்கம் போட்டுவிட்டு, பின்பக்கம் பட்டியலில் சோடியம் லாரெத் சல்பேட் என்று எழுதியிருக்கும். வணிக எஸ்.எல்.இ.எஸ்.ஸில் எத்திலீன் ஆக்சைடு சேராமல் நின்றுபோன மூலக்கூறுகள் கணிசமான பங்கு இருக்கும், தயாரிப்பு முறையே அப்படி. எத்திலீன் ஆக்சைடு சேராத லாரெத் சல்பேட் என்றால் அது லாரில் சல்பேட்டேதான். ஆகவே எஸ்.எல்.இ.எஸ். போட்ட ஷாம்புவில் ‘எஸ்.எல்.எஸ். இல்லை’ என்பது வாங்குபவரை ஏமாற்றும் பேச்சு மட்டுமில்லை, வேதியியல்படியே பொய். சோடியம் கோகோ சல்பேட்டும் இப்படித்தான். ‘தேங்காயிலிருந்து வந்தது’ என்று எழுதுகிறார்கள். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதிலிருந்து வரும் கோகோ சல்பேட்டின் பெரும் பங்கும் லாரில் சல்பேட்தான்.

நுரை எப்படி நம் வீட்டுக்கு வந்தது

நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்தது சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை. அவற்றின் நுரை சபோனின் என்ற தாவரப் பொருளால் வருவது, சல்பேட்டுக்கு அங்கே வேலையே இல்லை. கொழுப்பு ஆல்கஹால் சல்பேட்டை வைத்து அமெரிக்காவில் டிரீன் என்ற ஷாம்பு 1934-ல் வந்தது. தமிழ்நாட்டில் அந்த நுரையை ஏழை வீடுவரை கொண்டுபோனது சாஷே. கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டிய வழியில், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்புவைச் சில்லறைக் காசுக்கு விற்றது. அந்த நிறுவனமே பிறகு கெவின்கேர் ஆயிற்று.

சல்பேட் இங்கே வேரூன்ற இன்னொரு காரணம் தண்ணீர். போர் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் சோப்பு போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகத் திரண்டு தலையில் ஒட்டும். எஸ்.எல்.இ.எஸ். அந்தக் கடினத் தண்ணீரிலும் நுரைக்கும், விலையும் மலிவு. சல்பேட் இல்லாத ஷாம்பு வாங்கிப் போனவர்கள் “நுரையே வரலை” என்று திரும்ப வருவதற்கும் இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். தயாரிப்பாளருக்கு அங்கேதான் சபலம். கொஞ்சம் எஸ்.எல்.இ.எஸ். விட்டால் நுரை வந்துவிடும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றும். சோதனைக்கு அர்த்தம் வருவது இந்த இடத்தில்தான்.

யாருக்கு இது முக்கியம்

“அக்கா, இது சல்பேட் ஃப்ரீ, முடி கொட்டாது” என்று பியூட்டி பார்லரில் சொல்வதை நான் ஏற்கவில்லை. எஸ்.எல்.எஸ்.ஸால் முடி கொட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. புற்றுநோய் வரும் என்று 1990-களின் இறுதியில் மின்னஞ்சல்களில் சுற்றிய கதைக்கும் ஆதாரமில்லை. அமெரிக்காவின் அழகுசாதன மூலப்பொருள் மதிப்பாய்வுக் குழு 1983-லேயே, தேய்த்துக் கழுவிவிடும் பொருள்களில் எஸ்.எல்.எஸ். பாதுகாப்பானது என்றும், தோலில் நெடுநேரம் தங்கும் பொருள்களில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டது.

ஆனால் எஸ்.எல்.எஸ். தோலை எரிச்சலூட்டும் என்பது நிச்சயம். தோல் மருத்துவ ஆய்வில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்க்கப் பயன்படும் பொருளே அதுதான். பிரிட்டனில் அக்வஸ் கிரீம் என்ற களிம்பைக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் தடவி வந்தார்கள். அதில் 30 சதவீதம் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட், அதில் 30 சதவீதம் எமல்சிஃபையிங் வேக்ஸ், அதில் 10 சதவீதம் எஸ்.எல்.எஸ். பெருக்கினால் 0.9 சதவீதம். அந்தக் களிம்பு சில குழந்தைகளுக்கு எரிச்சல் தருகிறது என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் மருத்துவர்களை எச்சரித்தது. கரப்பான் உள்ள குழந்தையின் தாய், அடிக்கடி வாய்ப்புண் வந்து எஸ்.எல்.எஸ். இல்லாத பற்பசை தேடுகிறவர், தோல் மருத்துவர் சொல்லி வாங்குகிறவர் ஆகியோருக்கு லேபிள் விளம்பரம் அல்ல, மருந்துச் சீட்டு மாதிரி. அவர்களுக்காகத்தான் அந்த இரண்டு சொல் உண்மையாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சோதனைகளின் வரிசை

மெத்திலீன் நீலத்தை ஏற்கெனவே பார்த்தோம். அதற்கு அடுத்த படி, ஷாம்பு தொழிலில் அன்றாடம் செய்யும் இரு அடுக்கு டைட்ரேஷன். டைமிடியம் புரோமைடு, டைசல்ஃபின் புளூ என்ற இரண்டு சாயங்களைக் கலந்து விட்டு, ஹையாமின் 1622 என்ற நேர்மின் பொருளைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பார்கள். குளோரோஃபார்ம் அடுக்கு இளஞ்சிவப்பிலிருந்து சாம்பல் கலந்த நீலத்துக்கு மாறும் இடமே முடிவு. மொத்த எதிர்மின் சரக்கு எத்தனை சதவீதம் என்று இது நன்றாகச் சொல்லும், மூலப்பொருள் டிரம்மின் தரம் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் சல்பேட்டுக்குப் பதிலாக நுரைக்குச் சேர்க்கும் சார்கோசினேட்டும், ஐசெதியோனேட்டும், ஒலிஃபின் சல்போனேட்டும் இதில் வெவ்வேறு அளவுக்குக் கணக்கில் வந்துவிடும். கூட இருக்கும் பீட்டைன் கணக்கைக் குறைத்தும் காட்டக்கூடும். அதோடு, விடையைச் சதவீதமாக மாற்ற ஒரு மூலக்கூறு எடை வேண்டும். பல கூடங்களில் பழக்கத்தால் எஸ்.எல்.எஸ்.ஸின் 288-ஐப் போட்டு, ‘சோடியம் லாரில் சல்பேட்டாகக் கணக்கிட்டது’ என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுகிறார்கள். சல்பேட்டே இல்லாத ஷாம்புவுக்கு ‘எஸ்.எல்.எஸ். 8 சதவீதம்’ என்று காகிதம் கிடைப்பது இப்படித்தான். ரிப்போர்ட்டை வாங்குகிறவர் அந்த ஒரு வரியைக் கவனித்தாலே பாதிக் கலவரம் தீரும்.

சரி, ஆக்சிஜன் பாலத்துக்கு வருவோம். சல்பேட்டை அமிலத்தில் கொதிக்க வைத்தால் பாலம் உடைந்து, கொழுப்பு ஆல்கஹால் ஒருபக்கம், வெறும் சல்பேட் அயனி ஒருபக்கம் பிரிந்துவிடும். சல்போனேட் அசையாது. கொதிக்க வைப்பதற்கு முன்னும் பின்னும் டைட்ரேஷன் செய்தால், குறைந்துபோன அளவு சல்பேட், நின்ற அளவு சல்போனேட். இதற்கு ஐ.எஸ்.ஓ. 2870 என்ற சர்வதேச முறையே உண்டு. எளிமையான, அழகான யோசனை. ஆனாலும் சல்பேட் இல்லாத நவீன ஷாம்புவிடம் இது ஏமாந்துபோகும். சோடியம் கோகாயில் ஐசெதியோனேட்டில் கொழுப்பமிலத்தை இணைத்திருப்பது ஓர் எஸ்டர் பிணைப்பு, கொதிக்கும் அமிலத்தில் அதுவும் உடையும். உடைந்ததும் அதன் நுரைக்கும் தன்மை போய்விடும். கணக்குப் பார்க்கிறவர் அந்தக் குறைவையும் சல்பேட் என்று எழுதிவிடுவார்.

அதற்கும் வழி இருக்கிறது. நுரைப்பொருளை விட்டுவிட்டுச் சல்பேட் அயனியையே எண்ணலாம். கொதிக்க வைப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, அயன் குரோமட்டோகிராஃபியிலோ பேரியம் குளோரைடு வீழ்படிவிலோ சல்பேட்டை அளந்து, வித்தியாசத்தைப் பார்க்கலாம். ஐசெதியோனேட் உடைந்தாலும் அதிலிருந்து வருவது சல்போனேட் என்பதால் வீழ்படிவு தராது. வித்தியாசம் எதுவும் இல்லையென்றால் சல்பேட் எஸ்டர் இல்லை. முன்னால் எடுத்த அளவில் கொஞ்சம் சல்பேட் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை. ஒலிஃபின் சல்போனேட்டோடு கொஞ்சம் சோடியம் சல்பேட் உப்பு வருவது வழக்கம். நடுத்தரக் கூடத்தில் இருக்கும் கருவிகளைக் கொண்டே செய்யக்கூடிய, செலவு அதிகமில்லாத இந்த முறையைச் சிறு தயாரிப்பாளர்கள் ஏன் அதிகம் கேட்பதில்லை என்பது எனக்கு வியப்பு. சதவீத அளவிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் ஒளிந்திருக்கும் சல்பேட்டை இது பிடித்துவிடும்.

அகச்சிவப்பு நிறமாலையும் முதல் பார்வைக்கு உதவும். மூலப்பொருள் டிரம்மில் வந்தது சல்பேட்டா சல்போனேட்டா என்று பிரித்துச் சொல்ல அது போதும். முழு ஷாம்புவில், பத்துப் பதினைந்து பொருள்களுக்கு நடுவே, அதை நம்ப முடியாது.

உறுதியான விடை வேண்டுமானால் திரவ குரோமட்டோகிராஃபியும் நிறை நிறமாலைமானியும் சேர்ந்த கருவிக்குத்தான் போக வேண்டும். எச்.பி.எல்.சி. மட்டும் போதாதா என்று கேட்பார்கள். வழக்கமான எச்.பி.எல்.சி.யில் இருக்கும் புறஊதாக் கண்ணுக்கு எஸ்.எல்.எஸ். தெரியவே தெரியாது. அந்த மூலக்கூறில் புறஊதா ஒளியைப் பிடித்துக்கொள்ளும் பகுதி இல்லை. அந்தக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு ‘கண்டறியப்படவில்லை’ என்று கொடுத்தால் அது குருடர் கொடுத்த சாட்சி. ஆவியாக்கி ஒளிச்சிதறல் பார்க்கும் கண்டறிவானாவது வேண்டும். நிறை நிறமாலைமானி இன்னும் மேல். லாரில் சல்பேட் அங்கே 265 என்ற எண்ணில் நிற்கும், உடைத்தால் 97 வரும். லாரெத் சல்பேட் 309, 353 என்று 44 வித்தியாசத்தில் படிக்கட்டு மாதிரி வரிசையாக நிற்கும், ஒவ்வொரு படியும் ஓர் எத்திலீன் ஆக்சைடு கண்ணி. ஒலிஃபின் சல்போனேட் 275-ல், சலவைத்தூள் சல்போனேட் 325-ல். குடும்பச் சாயல் எவ்வளவு இருந்தாலும் இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி முகம்.

இந்தக் கருவிக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது கூடத்திலிருந்தே வருவது. கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் டிடர்ஜென்டில் இந்த நுரைப்பொருள்கள் இருக்கும். உயிர்வேதியியல் கூடங்களில் புரதம் பிரிக்கப் பயன்படும் எஸ்.டி.எஸ். என்பதும் இதே எஸ்.எல்.எஸ்.தான். எனவே மாதிரி இல்லாமல் வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்த்த பதிவு ரிப்போர்ட்டோடு இருக்க வேண்டும். அதேபோல, அதே ஷாம்புவில் தெரிந்த அளவு எஸ்.எல்.எஸ்.ஸைச் சேர்த்து, எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று பார்த்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ‘இல்லை’யை நான் ஏற்க மாட்டேன்.

சல்பேட் எங்கிருந்து நுழைகிறது

எஸ்.எல்.எஸ். வாங்கவே வாங்காத தொழிற்கூடத்தில்கூடச் சல்பேட் வந்து சேரும். ஷாம்புவுக்கு முத்துப் பளபளப்புத் தரும் தயார் கலவைகள் பலவற்றில் எஸ்.எல்.இ.எஸ். அடிப்படையாக இருக்கும். பால் வெள்ளை நிறம் தரும் ஸ்டைரீன் அக்ரிலேட் கரைசலைப் பாலிமராக்கும்போதே எஸ்.எல்.எஸ். சேர்ப்பது உண்டு. சில சிலிக்கான் எமல்ஷன்களில் எதிர்மின் நுரைப்பொருள் இருக்கும். கிரீம் வகையில் மேலே சொன்ன எமல்சிஃபையிங் வேக்ஸ். சப்ளையர் கொடுக்கும் சி.ஓ.ஏ. காகிதத்தில் இவை எதுவும் வராது. அது தூய்மை, பிசுபிசுப்பு, கார அமிலத்தன்மை பற்றித்தான் பேசும். முழுச் சேர்மானத்தையும், ‘இந்தப் பொருளில் ஆல்கைல் சல்பேட் சேர்க்கவில்லை’ என்ற எழுத்து உறுதியையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கலக்கும் வெசல். காலையில் சாதாரண ஷாம்பு, மாலையில் சல்பேட் இல்லாதது என்று ஒரே பாத்திரத்தில் போடுவது சிறு தொழிலில் தவிர்க்க முடியாதது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 சதவீதம் எஸ்.எல்.இ.எஸ். உள்ள பழைய சரக்கு 1 கிலோ, குழாய் மடிப்பிலும் கிளறியின் அடியிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன்மேல் 500 கிலோ புதுச் சரக்கு போடுகிறார்கள். அதில் கலக்கும் எஸ்.எல்.இ.எஸ். 100 கிராம், அதாவது 0.02 சதவீதம், கிலோவுக்கு 200 மில்லிகிராம். அமிலக் கொதிப்பு டைட்ரேஷனுக்கு இது கண்ணில் படாது. நிறை நிறமாலைமானியிலோ கூரை முட்ட எழும். ஒரே புட்டி ஒரு கூடத்தில் தேறும், இன்னொரு கூடத்தில் தோற்கும். இரண்டு கூடமும் உண்மையைத்தான் சொல்கின்றன.

ஆகவே வெசலைக் கழுவிய கடைசித் தண்ணீரை எடுத்துச் சோதிப்பது, முடிந்த புட்டியைச் சோதிப்பதைவிட முக்கியம். இங்கே மட்டும், நாம் முதலில் குறை சொன்ன மெத்திலீன் நீலம் தன் பெருமையைத் திரும்பப் பெறுகிறது. கழுவிய தண்ணீரில் எந்த எதிர்மின் நுரைப்பொருளும் இருக்கக் கூடாது, அதைச் சில நிமிடத்தில், சில நூறு ரூபாய்ச் சாமானில், தொழிற்கூடத்திலேயே அது காட்டிவிடும். ஏரித் தண்ணீருக்கென்று பிறந்த சோதனை, கழுவு தண்ணீருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது.

‘கண்டறியப்படவில்லை’ என்றால்

ரிப்போர்ட்டில் இந்தச் சொல் வந்ததும் ஃபைலில் போட்டு மூடிவிடுகிறார்கள். எவ்வளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை? 0.1 சதவீதமா, கிலோவுக்கு 10 மில்லிகிராமா? அந்த எண் பக்கத்தில் இல்லாத ரிப்போர்ட்டுக்குப் பொருளில்லை. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கிறது என்பதோடும் நிறுத்திவிடக் கூடாது. ஐ.எஸ்.ஓ. 17025-ன்படி தரும் அங்கீகாரம் கூடம் முழுவதற்கும் கிடையாது. எந்தப் பொருளில், எந்தச் சோதனை, எந்த முறை என்று பட்டியலிட்டுத்தான் தருவார்கள். தண்ணீரில் எதிர்மின் டிடர்ஜென்ட் பார்க்க அங்கீகாரம் பெற்ற கூடம், ஷாம்புவில் லாரில் சல்பேட் பார்க்கவும் பெற்றிருக்கிறதா என்று அந்தப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அது என்.ஏ.பி.எல். இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

‘இல்லை’ என்று சொல்ல எந்த அளவு வரம்பு? குளூட்டன் இல்லாத உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று எண் வைத்திருக்கிறது. சல்பேட்டுக்கு அப்படியொரு எண்ணை 2020 டிசம்பரில் வந்த அழகுசாதனப் பொருள் விதிகள் தரவில்லை. எண் இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று பொருளாகாது. 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 17சி பிரிவு, லேபிளில் பொய்யான அல்லது திசைதிருப்பும் சொல் இருந்தால் அந்தப் பொருளையே ‘தவறான முத்திரையிட்டது’ என்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, திசைதிருப்பும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை தண்டம் போடலாம். அந்த ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொன்னதை நிரூபிக்கும் பொறுப்பைச் சொன்னவர் தலையிலேயே வைக்கின்றன.

ஐரோப்பாவில் 2013-ஆம் ஆண்டின் 655-ஆம் எண் ஒழுங்குமுறை, அழகுசாதனப் பொருள் பற்றிய எந்தச் சொல்லும் உண்மையாக, சான்றோடு, நேர்மையாக, நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் விளக்க ஆவணம் இன்னொரு படி போகிறது. சட்டம் அனுமதித்த ஒரு பொருளை ‘இல்லை’ என்று விளம்பரம் செய்து, அது இருப்பவை எல்லாம் ஆபத்து என்ற எண்ணத்தை விதைக்கக் கூடாது என்று, பாராபெனை உதாரணமாகக் காட்டிச் சொல்கிறது. வாங்குபவர் தேர்ந்தெடுக்க உதவும் ‘இல்லை’யை மட்டும் அது ஏற்கிறது. இது நமக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கரப்பான் உள்ளவருக்குத் தெரிவிக்க ‘சல்பேட் நுரைப்பொருள் சேர்க்கவில்லை’ என்று போடலாம். ‘சல்பேட் என்ற நஞ்சு இல்லை’ என்று போடக் கூடாது.

எந்த எண்ணை வைப்பது என்று தயாரிப்பாளர் கேட்டால் என் பதில் இது. மூலப்பொருள்களில் எதிலும் ஆல்கைல் சல்பேட், ஆல்கைல் ஈதர் சல்பேட் இல்லை என்ற எழுத்துச் சான்று ஒவ்வொன்றுக்கும் இருக்க வேண்டும். வெசல் கழுவிய பதிவு பேட்ச்வாரியாக இருக்க வேண்டும். முதல் சில பேட்ச்சுகளும், சப்ளையர் மாறும்போதெல்லாம் ஒரு பேட்ச்சும், நிறை நிறமாலைமானியில் ஓடி, லாரில் சல்பேட், லாரெத் சல்பேட் இரண்டும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே நிற்க வேண்டும். இது சட்டம் சொன்ன எண் அல்ல. ஒழுங்காகக் கழுவும் சிறு தொழிற்கூடத்தால் எட்ட முடிந்ததாகவும், நுரைக்காகத் திருட்டுத்தனமாகச் சேர்த்தவர் தப்ப முடியாததாகவும் இருப்பதால் சொல்கிறேன். நுரைக்காகச் சேர்க்கிறவர் அரை சதவீதமாவது சேர்க்காமல் பயனில்லை. அது இந்த வரம்பைப் போல ஐம்பது மடங்கு.

எஸ்.எல்.இ.எஸ். தயாரிப்பில் மிச்சமாக வரும் 1,4-டையாக்சேன் பற்றியும் ஒரு சொல். நியூயார்க் மாநிலம் அழகுசாதனப் பொருள்களில் அதற்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. எத்திலீன் ஆக்சைடு சேர்த்த மற்றப் பொருள்களிலும் அது வரலாம் என்பதால், ‘சல்பேட் இல்லை’ என்பது ‘டையாக்சேன் இல்லை’ என்பதற்குச் சான்றாகாது. அது தனிச் சோதனை.

வாங்குபவருக்கு ஒரு வழி இருப்பதைப் பலர் அறிவதில்லை. முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். 1 சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவு குறையும் வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. லாரில், லாரெத், கோகோ என்ற சொற்களுக்குப் பின் சல்பேட் என்று வந்தால் அது சல்பேட் ஷாம்புதான். பட்டியலில் இல்லாமலும் சந்தேகம் தீரவில்லையென்றால், 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைப் பயன்படுத்துங்கள். காசு கொடுத்து வாங்கிய எவரும், அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் அமைப்பும், உரிய கட்டணம் கட்டி அந்தப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. கொடுக்கும்போது ‘சல்பேட் இருக்கிறதா’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘லாரில் சல்பேட், லாரெத் சல்பேட் இருக்கின்றனவா, எந்த முறையில், எவ்வளவுக்குக் கீழே இல்லை’ என்று எழுதிக் கேளுங்கள்.